பாதுகாப்பு யாருக்கு? பிள்ளைக்கா, பள்ளிக்கூடத்துக்கா?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் லாக்கில்ப்ஹெட் என்று ஒரு சின்ன ஊர். (வாயில் நுழையாத பேர்தான், என்ன செய்வது.) அந்த ஊர் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மார்த்தா பெய்ன் என்ற 9 வயதுச் சிறுமி, 2012 ஏப்ரல் 30 அன்று அப்பாவின் உதவியோடு ஒரு வலைப்பதிவு ஆரம்பித்தாள். பேர் 'நெவர்செகண்ட்ஸ்'. பந்தியில் மறுசோறு கிடையாது என்று நம்மூரில் சொன்னால் எப்படியோ, அந்த மாதிரி ஒரு பேர்.

எழுதியது என்னவென்று பார்த்தால் சிரிப்பு வரும். மத்தியானம் பள்ளியில் போடுகிற சாப்பாட்டைத் தட்டோடு ஒரு படம். அதற்குக் கீழே பத்துக்கு எத்தனை மார்க், எத்தனை வாய் வந்தது, உடம்புக்கு நல்லதா, விலை என்ன (2 பவுண்டு), தலைமுடி கிடந்ததா. அவ்வளவுதான். ஆரம்பத்தில் வந்த படம் ஒன்றில் பீட்சா ஒரு துண்டு, சோளம் கொஞ்சம், ஒரு கப்கேக், உருளைக்கிழங்கு க்ரோக்கெட் ஒன்றே ஒன்று. (க்ரோக்கெட் என்பது நம்மூர் கட்லெட்டுக்கு ஒல்லியான தம்பி.) வளர்கிற பிள்ளை இந்த ஒன்றைத் தின்றுவிட்டு மத்தியானம் பூராவும் பாடத்தை எப்படிக் கவனிப்பது என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்வி.

கொஞ்ச நாளிலேயே சமையல் பிரபலம் ஜேமி ஆலிவர் பாராட்டினார். வேறு தேசத்துப் பிள்ளைகள் தங்கள் தட்டுகளைப் படமெடுத்து அனுப்பினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, சாலட்டும் பழமும் ரொட்டியும் இனி வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஒரு ஒன்பது வயசுப் பிள்ளை எழுதி, பந்தியில் பரிமாறுகிற முறை மாறியது!

அப்புறம்தான் வந்தது வினை. சமையல்காரம்மாக்களை வேலையை விட்டுத் தூக்க வேண்டும் என்கிற அர்த்தத்தில் ஒரு பத்திரிகை தலைப்புப் போட்டது. மார்த்தா அப்படி ஒரு வரி எழுதவில்லை. ஆனால் அந்தத் தலைப்பைப் பார்த்த சமையல் ஊழியர்கள் பயந்துபோனார்கள் என்று காரணம் காட்டி, உள்ளூர் நிர்வாகமான ஆர்கைல் அண்ட் பியூட் கவுன்சில், இனி உணவுக்கூடத்தில் படம் எடுக்கக் கூடாது என்று தடை போட்டது. கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தவளை எழுப்பிக் கூட்டிப் போய் இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஜூன் 14 அன்று அவள் விடைபெறும் பதிவைப் போட்டாள். அதைப் படித்த உலகம் கொதித்துவிட்டது. மறுநாள், ஜூன் 15, கவுன்சிலின் தலைவரே பிபிசி ரேடியோவில் வந்து தடையை நீக்கியதாகச் சொன்னார். ஒரே நாள் தடை! பள்ளிக்கூடங்களில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் 'மேரிஸ் மீல்ஸ்' என்ற தொண்டு நிறுவனத்துக்காக அவள் தன் பக்கத்தில் காசு திரட்டிக்கொண்டிருந்தாள். தடைக்கு முன்னால் அது சுமார் 2,000 பவுண்டு. தடைக்குப் பின் சில நாட்களில் 1 லட்சம் பவுண்டைத் தாண்டியது.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளை வகுப்பில் எழுத வைப்பது என்ற பேச்சு வந்தாலே உடனே ஒரு சொல்லைக் கொண்டுவந்து நடுவில் போடுகிறார்கள்: 'பாதுகாப்பானது'. பாதுகாப்பான வலைப்பதிவு, பாதுகாப்பான தளம், பாதுகாப்பான செயலி. அம்மா அப்பாக்களுக்கு நிம்மதி, தலைமை ஆசிரியருக்கு நிம்மதி. யாரும் அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை. யாரிடமிருந்து பாதுகாப்பு?

மார்த்தாவிடம் பாதுகாப்பான கருவி எதுவும் இல்லை. உலகத்துக்கே திறந்து கிடந்த சாதாரண வலைப்பதிவு. ஆரம்பத்தில் தன் பேரைப் போடாமல் 'வெஜ்' என்ற புனைபெயரில் எழுதினாள் (சுவையிலிருந்து உண்மை என்று லத்தீனில் வருகிற மூன்று சொற்களின் முதலெழுத்துகளாம். அப்பாவின் கைவண்ணமாக இருக்கும்!). அப்பா கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். முன்பின் தெரியாதவர்கள் கணக்கில்லாமல் வந்து படித்தார்கள், காசு கொடுத்தார்கள், சாப்பாட்டுப் படம் அனுப்பினார்கள். அவள் வாயை மூடப் பார்த்தது யார்? அவளை நன்றாகத் தெரிந்தவர்கள். அவளுக்குச் சோறு போடுகிற நிர்வாகம்.

இதே பெண் 'பாதுகாப்பான' வகுப்பறைத் தளம் ஒன்றில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தத் தளங்களின் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஆசிரியர் ஒரு வகுப்பைத் திறப்பார். பிள்ளைக்கு மின்னஞ்சல் வேண்டாம், ஒரு பேரும் கடவுச்சொல்லும் போதும். பிள்ளை எழுதியது நேராக வெளியே போகாது, ஆசிரியர் பார்த்து அனுமதித்த பிறகுதான் தெரியும். மறுமொழியும் அப்படியே. வெளியாட்கள் உள்ளே வர முடியாது, ஆசிரியராகத் திறந்துவிட்டால் ஒழிய. இதில் பாதி நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் மார்த்தாவின் க்ரோக்கெட் படம் அங்கே ஆசிரியரின் அனுமதிக்காக வரிசையில் நின்றிருக்கும். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அதே கவுன்சில். பாவம், அவர்தான் என்ன செய்வார்? 'நல்லா எழுதியிருக்கே கண்ணு, அடுத்த தடவை உன் நாய்க்குட்டியைப் பற்றி எழுது' என்று முடிந்திருக்கும். தட்டில் க்ரோக்கெட் ஒன்றாகவே இருந்திருக்கும்.

வாசகர் இல்லாத எழுத்துக்குப் பேர் வீட்டுப்பாடம். அதைச் செய்ய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாற்பது நோட்டைத் திருத்துகிற வாத்தியார் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவார், தேதி போடுவார், முடிந்தது. கணினியில் செய்தால் மட்டும் அது வேறொன்றாகிவிடாது. நம்மூர்ப் பிள்ளைகள் ஒரு காலத்தில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்களே, ஒரே ஒரு பிரதி, தெருவில் நாலு வீடு சுற்றி வரும். அந்த நாலு வீட்டுக்காக எழுத்துப் பிழை திருத்தினார்கள், அடித்து எழுதினார்கள், அட்டைப் படம் வரைந்தார்கள். முகம் தெரியாத ஆயிரம் பேர் தேவையில்லை. ஆனால் மார்க் போடாத ஒருவராவது படிக்க வேண்டும்.

சரி, வாசகரைப் பூட்டி வெளியே நிறுத்தியாச்சு. உள்ளே யார் இருக்கிறார்கள்? இதுதான் வயிற்றெரிச்சல்.

எட்மோடோ என்று ஒரு தளம் இருந்தது. 2008-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. பார்க்க முகநூல் மாதிரியே இருக்கும், ஆனால் வகுப்பறைக்கு மட்டும். பிள்ளைகள் எழுதலாம், பதில் போடலாம், வெளியாட்கள் வர முடியாது. பாதுகாப்பு என்ற சொல்லுக்கு உதாரணமாக ஆசிரியர்கள் காட்டிய தளம், அதுவும் இலவசம். 2017-ல் அதிலிருந்து 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரம் திருடு போனது. 2018-ல் சீனாவின் நெட்டிராகன் நிறுவனம் அதை 13 கோடியே 75 லட்சம் டாலர் மதிப்புக்கு வாங்கியது.

வணிகவியல் படிக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பிள்ளைகளிடம் ஒரு பைசா வாங்காத சேவைக்கு 13 கோடி டாலருக்கு மேல் எப்படி மதிப்பு வந்தது? கட்டடம் இல்லை, இயந்திரம் இல்லை, சரக்கு இருப்பு இல்லை. இருப்புநிலைக் குறிப்பில் எந்தத் தலைப்பில் எழுதுவார்கள்? நற்பெயர் என்று எழுதலாம்! :) உள்ளதைச் சொன்னால், வாங்கியது அங்கே வந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளையும் வாத்தியார்களையும்தான்.

கதை அதோடு முடியவில்லை. 2022 செப்டம்பரில் தளத்தை இழுத்து மூடிவிட்டார்கள். 2023 மே மாதம் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அதன்மேல் குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் திரட்டியது, அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது, சம்மதம் வாங்குகிற சட்டப் பொறுப்பைப் பள்ளிக்கூடங்கள் தலையில் கட்டியது. இன்னொன்றும் இருக்கிறது. அது வைத்திருந்த மாணவர் கணக்குகள் 3 கோடியே 60 லட்சம், அதில் அப்போது புழக்கத்தில் இருந்தவை வெறும் 10 லட்சம். மிச்சம் 3 கோடியே 50 லட்சம் பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். மளிகைக்கடை அண்ணாச்சிகூட விற்காத சரக்கை இத்தனை காலம் அடுக்கி வைத்திருக்க மாட்டார், இடத்துக்குக் கேடு. இவர்கள் வைத்திருந்தார்கள் என்றால் என்றைக்காவது உதவும் என்ற நினைப்புதானே? 60 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கட்ட வசதியில்லை என்று அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. வேடிக்கை.

நம் வீட்டுக் கதையும் லேசுப்பட்டதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் அவசரமாகக் கையிலெடுத்த கல்விச் செயலிகளை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 49 நாடுகளில் ஆராய்ந்து 2022-ல் அறிக்கை வெளியிட்டது. பத்தில் ஒன்பது பங்கு செயலிகள் பிள்ளைகளின் தகவலைக் கையாண்ட விதம் அவர்கள் உரிமைக்கு ஆபத்து என்றது அந்த அறிக்கை. அந்தப் பட்டியலில் இந்திய அரசின் 'தீக்ஷா'வும் உண்டு. 2023 ஜனவரியில் வெளிவந்த செய்தி இன்னும் மோசம். தீக்ஷாவின் தகவல் சேமிப்பு ஒன்று பூட்டே இல்லாமல் திறந்து கிடந்ததாம். சுமார் 10 லட்சம் ஆசிரியர்கள், கிட்டத்தட்ட 6 லட்சம் மாணவர்களின் விவரம் அதில். பிள்ளை எழுதின கட்டுரையை அடுத்த தெரு ஆள் படிக்க முடியாது, ஆனால் பிள்ளையின் பேரும் பள்ளியும் சந்தியில் கிடக்கும். முன் கதவில் திண்டுக்கல் பூட்டு, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை.

'அதெல்லாம் சரி, அந்நியர்களால் ஆபத்து என்பது பொய்யா?' என்று ஒரு அம்மா கேட்டால் அது நியாயமான கேள்வி. பொய் இல்லை. பிள்ளைகளைத் தேடி வலைவீசுகிற கயவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் முழுப் பேர் கூடாது, முகம் தெரிகிற படம் கூடாது, எந்த ஊர், எந்தப் பள்ளி என்ற அடையாளம் கூடாது, வருகிற மறுமொழியை ஒரு பெரியவர் பார்த்துத்தான் விட வேண்டும். இதற்கு எந்தத் தளமும் வேண்டியதில்லை, கவனம்தான் வேண்டும். ஆனால் இதே கவலையைச் சொல்லிப் பிள்ளைகளின் எழுத்தைப் பூட்டி வைக்கிற நம்மூர்ப் பள்ளிகள் மே மாதத்தில் என்ன செய்கின்றன? பிள்ளையின் பெரிய வண்ணப் படம், முழுப் பேர், இனிஷியல், பாடவாரியாக மார்க், எல்லாவற்றையும் ஃப்ளெக்ஸில் அடித்து பஸ் ஸ்டாண்டு எதிரில் கட்டுகின்றன. 2017-ல் தமிழக அரசு மாநில ரேங்க் பட்டியலையே நிறுத்தியது. ஃப்ளெக்ஸ் நின்றதா? ஆண்டு விழா நடனம் முழுசும் பள்ளியின் முகநூல் பக்கத்தில் ஓடுகிறது. அங்கே எந்த அந்நியரும் ஞாபகத்துக்கு வருவதில்லை. பிள்ளையின் முகம் பள்ளிக்கு விளம்பரம், பிள்ளையின் கருத்து பள்ளிக்கு ஆபத்து. கணக்கு அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு இணையத்தோடு வந்ததும் கிடையாது. கொஞ்சம் பின்னால் போனால் பிரான்ஸில் செலஸ்தேன் ஃப்ரெனே என்று ஒரு வாத்தியார். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர், உரக்கப் பேச முடியாது. பார்-சுர்-லூ என்ற கிராமத்துப் பள்ளியில் வேலை. 1924-ல் வகுப்பறைக்குள் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் தாங்கள் பார்த்ததை, நினைத்ததை எழுதுவார்கள். எதை அச்சிடுவது என்று அவர்களே தேர்ந்தெடுப்பார்கள், எழுத்துக் கோப்பார்கள், மை தடவி அச்சிடுவார்கள். அப்புறம் அந்தத் தாள்கள் நாட்டின் இன்னொரு மூலையில், பிரிட்டனி பக்கம் த்ரேகுங் என்ற ஊர்ப் பள்ளிக்குத் தபாலில் போகும். அங்கிருந்து அவர்களுடையது வரும். கடலோரப் பிள்ளைகள் எழுதியதை மலைப்பக்கத்துப் பிள்ளைகள் படித்தார்கள். வகுப்பறை வலைப்பதிவு என்று இன்றைக்குப் பேசுகிற அத்தனையும் அங்கே இருந்தது, மின்சாரம்கூட இல்லாமல்.

பிறகு அவர் ஸான்-போல் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். 1932-ல் அங்கே ஒரு பையன் தான் கண்ட கனவை எழுதினான். பள்ளிச் சாமான்களை இலவசமாகத் தர மாட்டேன் என்ற மேயரை எதிர்த்து வகுப்பே கிளம்புகிறது, பையன் மேயரைக் கொன்றுவிடுகிறான். கனவு! ஊரில் அவருக்கு வேண்டாதவர்கள் அந்த எழுத்தை எடுத்துச் சுவரொட்டியாக அடித்து டிசம்பரில் ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். பாரிஸ் வலதுசாரிப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. கடைசியில் 1933-ல் வாத்தியாரை அந்த ஊரை விட்டு மாற்றினார்கள். அவர் அசரவில்லை, வான்ஸ் என்ற இடத்தில் சொந்தமாகப் பள்ளி கட்டி 1935-ல் திறந்தார் என்பது வேறு கதை.

1932-க்கும் 2012-க்கும் நடுவில் 80 வருஷம். ஒரு இடத்தில் நோட்டு பென்சில், ஒரு இடத்தில் மத்தியானச் சாப்பாடு. இரண்டிலும் பிள்ளை எழுதியதைத் திரித்து ஊதியது பெரியவர்கள், அடித்ததும் பெரியவர்கள். த்ரேகுங் பிள்ளைகளால் பார்-சுர்-லூ பிள்ளைகளுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை.

(சமையல்காரம்மாக்கள் பக்கம் நியாயமே இல்லையா என்றால், உண்டு. குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்கள், உலகமே தங்கள் தட்டைப் பார்த்துச் சிரித்தால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் தட்டில் எத்தனை க்ரோக்கெட் வைப்பது என்று தீர்மானித்தவர்கள் அவர்களா? கவுன்சில் அவர்கள் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.)

சட்டம் இந்த விஷயத்தில் பள்ளிக்கூடங்களைவிடத் தெளிவாக இருக்கிறது என்பது ஆச்சரியம். அமெரிக்காவின் 1998-ஆம் வருஷத்துச் சட்டம் 13 வயதுக்குக் கீழ் என்று கோடு போடுகிறது. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இன்னும் மேலே போய் 18 என்கிறது. பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்து வாங்க வேண்டும், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகளோடு. (விலக்கு இல்லாத சட்டம் நம் நாட்டில் ஏது?) இரண்டு சட்டமும் முதலில் கைவைப்பது தகவலைத் திரட்டுகிறவர்மேல், அதை வைத்திருக்கிறவர்மேல். படிக்கிறவரை விரட்டு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதைப் பள்ளிக்கூடங்களே சேர்த்துக்கொண்டன.

செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை இது. இங்கிலாந்தில் போல்ட்டன் நகரத்து ஆரம்பப் பள்ளி ஆசிரியர் டேவிட் மிட்செல் 2011-ல் 'குவாட்பிளாகிங்' என்று ஒரு ஏற்பாட்டை ஆரம்பித்தார். நாலு பள்ளிகள் ஒரு கூட்டு. ஒரு வாரம் ஒரு பள்ளியின் பிள்ளைகள் எழுத, மற்ற மூன்று பள்ளிப் பிள்ளைகள் படித்து மறுமொழி எழுதுவார்கள். அடுத்த வாரம் அடுத்த பள்ளி. நாலு வாரத்தில் ஒரு சுற்று. ஃப்ரெனேயின் தபால்தான், வேகம் மட்டும் ஜாஸ்தி. வாசகர் யாரென்று தெரியும், ஆனால் மார்க் போடுகிறவர் இல்லை. மதுரையில் ஒரு நாலாம் வகுப்பும் யாழ்ப்பாணத்தில் ஒரு நாலாம் வகுப்பும் இப்படி மாறி மாறிப் படிப்பதற்கு என்ன தடை? பாஷைகூட ஒன்றுதான். எங்கள் ஊரில் இதை இப்படிச் சொல்வோம், உங்கள் ஊரில் எப்படி என்ற ஒரு கேள்வியிலேயே ஒரு வருஷம் ஓடிவிடும்.

அப்படி ஒரு தளத்தைப் பள்ளி தேர்ந்தெடுக்கும்போது, விற்க வருகிறவரிடம் 'வெளியாட்கள் பார்க்க முடியாதில்லையா?' என்று மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. காசு எங்கிருந்து வருகிறது, வருஷக் கடைசியில் பிள்ளை எழுதியதெல்லாம் என்ன ஆகும், அழிப்பீர்களா, கையில் கொடுப்பீர்களா, கம்பெனியை விற்றால் இதுவும் சேர்ந்து போகுமா. பதில் எழுத்தில் வேண்டும். கடை வாடகை ஒப்பந்தத்துக்கே முத்திரைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற ஊர் இது.

ஆசிரியரிடமும் ஒன்று கேட்கலாம். நாளைக்கு உங்கள் வகுப்புப் பிள்ளை சத்துணவில் முட்டை அழுகியிருந்தது என்றோ, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றோ எழுதினால் அனுமதிப் பொத்தானை அழுத்துவீர்களா? அழுத்தினால் உங்கள் பக்கம் நிற்பதற்குத் தலைமை ஆசிரியர் வருவாரா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்தத் தளத்தில் கணக்குத் திறந்தும் பிரயோஜனம் இல்லை.

மார்த்தா 2012-லேயே ஆப்பிரிக்காவில் மலாவிக்குப் போனாள். லிரங்வே என்ற ஊரில் ஒரு ஆரம்பப் பள்ளி. அந்தத் தடையால் குவிந்த பணத்தில் அங்கே பிள்ளைகளுக்குச் சமைக்க ஒரு சமையல்கூடம் கட்டியிருந்தார்கள். அதற்கு வைத்த பேர் 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் நெவர்செகண்ட்ஸ்'. அந்த நண்பர்களில் பெரும்பாலானோர் அவளுக்கு முன்பின் தெரியாதவர்கள்.